கரைத் தொட்டி: முதன்முறை அமைப்போருக்கு ஒரு பாடம்

வங்காளத்துச் சிற்றூர்க் குளம் ஒன்றின் கரையில், மழை ஓய்ந்த காலைப்பொழுதில் சற்றே அமர்ந்து நோக்குவோமாயின், இரு வேறு உலகங்கள் ஒன்றோடொன்று தழுவி நிற்பதைக் காணலாம். நீருக்குள் சிறு மீன்கள் கூட்டமாகத் திரிகின்றன. கரையோரத்து ஆரைக்கீரை பாதி நீரிலும் பாதி நிலத்திலும் படர்ந்துள்ளது. அதற்கப்பால், ஈரமண்ணில் கிடக்கும் உலர்ந்த இலையைப் புரட்டினால், அதனடியில் மரப்பேன்கள் ஓடி ஒளிகின்றன. உயிரியல் ஆசிரியர் பல வாரங்கள் கரும்பலகையில் எழுதி விளக்கும் செய்திகள் இந்த ஒரு முழ அகலக் கரையில் அடங்கிக் கிடக்கின்றன. இக்கரையைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் அமைத்து வகுப்பறைக்குக் கொண்டுவருவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பெயரும் வரலாறும்

மேனாட்டார் இதனைப் பாலுடேரியம் என்பர். சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'பாலூஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. மீன் வளர்ப்பது அக்வேரியம்; ஈரமண்ணில் செடி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி டெரேரியம்; இரண்டும் ஒருங்கே அமைந்தது பாலுடேரியம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சதுப்புத் தொட்டி' என்றாகும். எனினும், நீரும் நிலமும் கூடும் கரையே இதில் முதன்மை பெறுவதால், 'கரைத் தொட்டி' என்று இங்கு வழங்குவோம்.

இதன் வேர்கள் இரண்டு. 1829-ஆம் ஆண்டில், இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு என்பவர், விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைத்தெழுந்தன. மண்ணிலிருந்து ஆவியான நீர் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதை அவர் கண்டார். 'வார்டு பெட்டி' இவ்வாறு பிறந்தது. சீனத்துத் தேயிலைச் செடிகள் பிற்காலத்தில் இந்தியாவுக்கு உயிருடன் வந்து சேர்ந்தது இத்தகைய பெட்டிகளிலேயே ஆகும். இரண்டாவது வேர், இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலறிஞர் 1850-இல் வெளியிட்ட சோதனை. மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி நீண்ட காலம் வாழக்கூடும் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

ஒரு தவறும் அதன் காரணமும்

அமைக்கும் முறைக்குச் செல்லுமுன் ஒரு தோல்வியைக் கூறுதல் பயன்தரும். இதனை எழுதுபவன் தன் முதல் தொட்டியை ஒரே நாளில் அமைத்து முடித்து, அன்று மாலையே பத்து மீன்களையும் அதில் விட்டான். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது; செடிகள் பசுமையாக இருந்தன. ஐந்தாம் நாள் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்தாம் நாளுக்குள் எட்டு மீன்கள் மாண்டன. அப்போதும் நீர் தெளிந்தே இருந்தது.

மீன்களைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா ஆகும். மீன்கள் தம் செவுள்களின் வழியாக இதனை இடைவிடாது வெளியிடுகின்றன; எஞ்சிய உணவும் உதிர்ந்த இலையும் அழுகும்போதும் இது உண்டாகிறது. குளத்தில் இந்நஞ்சை மாற்றுவதற்கு எண்ணற்ற நுண்ணுயிர்கள் உள்ளன. ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவர். அதுவும் நஞ்சே. மற்றொரு சாரார் அதனை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுவர். நைட்ரேட்டைச் செடிகள் உணவாகக் கொள்ளும். இவ்விரு மாற்றங்களையும் தனித்தே செய்து முடிக்கவல்ல நுண்ணுயிர்களும் உண்டு என்பது 2015-ஆம் ஆண்டில் தெரியவந்தது. புதிய தொட்டியில் இவர்களுள் எவரும் போதிய அளவில் இல்லை. அவர்கள் குடியேறிப் பெருகுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

எனவே, கரைத் தொட்டி அமைப்பதில் தலையாய விதி இதுவே: முதலில் இடம், அடுத்துச் செடி, பின்னர்க் காத்திருத்தல், இறுதியில் விலங்கு. கீழே கூறப்படுவன அனைத்தும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றன.

தொட்டி

முதன்முறை அமைப்போர்க்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஏற்றது. இதனினும் சிறிய தொட்டியைப் பேணுவது எளிதென்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. நீர் குறைவாயின், அதன் வெப்பமும் தூய்மையும் விரைந்து மாறும்.

தொட்டியின் உட்புறத்தில், ஒரு முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளி, 18 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தடுப்பு ஒன்றைச் சிலிக்கோன் பசையால் ஒட்டுக. சிறிய பகுதி நிலம். பெரிய பகுதி நீர். பூஞ்சைக்கொல்லி கலவாத பசையே வேண்டும். அதன் புளித்த நெடி முற்றிலும் நீங்கும்வரை ஒரு வாரம் ஆறவிடுக. பின்னர், இரண்டு நாள் நீர் நிரப்பி வைத்துக் கசிவு உண்டா என்று பார்த்து, அந்நீரைக் கொட்டிவிடுக.

நீர்ப்பகுதியில் 15 செ.மீ. உயரத்துக்கு மட்டுமே நீர் நிற்கும். மணலின் இடத்தைக் கழித்தால், ஏறத்தாழ 35 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, நீர், மண், கல் அனைத்தும் சேர்ந்து 100 கிலோகிராமுக்கு மேல் எடையாகும். ஆதலின், வகுப்பறையின் சாதாரண மேசை இதற்குப் போதாது. சுவரோரத்தில் செங்கல் மேடையோ வலுவான இரும்புத் தாங்கியோ வேண்டும். அமைத்த பின்பு தொட்டியை நகர்த்துதல் கூடாது.

நேர் வெயில் படும் சன்னலருகே தொட்டியை வைத்தலாகாது. மூடிய கண்ணாடிப் பெட்டி வெயிலில் சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும். வெளிச்சத்துக்கு எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை நாள்தோறும் பத்து மணி நேரம் எரியவிடுதல் போதும். மூடி இன்றியமையாதது: வரிக்குதிரை மீன் துள்ளிக் குதிக்கும் இயல்புடையது. மூடியில் ஒரு கையகல இடைவெளிவிட்டு, அதில் மெல்லிய வலையைப் பொருத்துக. காற்றோட்டம் இல்லையேல் நிலப்பகுதியில் பூசணம் பூக்கும்.

நிலப்பகுதி

அடியில், கைவிரற் கணு அளவில் உடைத்த ஓட்டுத் துண்டுகளை 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்புக. இது வடிகால். ஒரு மூலையில், அடிவரை செல்லும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துக. மிகுதியாகத் தேங்கும் நீரை இதன் வழியே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஓட்டுத் துண்டுகளின்மேல் நைலான் கொசுவலையை விரித்து, அதன்மேல் 10 செ.மீ. உயரத்துக்கு மண் இடுக. கழுவிய தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு என்பது நல்ல கலவை. தென்னைநார்த் தூளில் உப்பு இருக்கலாமாதலால், மூன்று நான்கு முறை நீரில் ஊறவைத்துப் பிழிதல் வேண்டும். உரமோ பூச்சிமருந்தோ இட்ட தோட்டத்து மண் உதவாது.

நீர்ப்பகுதி

அடியில் 3 செ.மீ. உயரத்துக்கு நன்கு கழுவிய பருமணல் பரப்புக. தடுப்பை ஒட்டிக் கற்களைச் சரிவாக அடுக்கி, நீருக்குள்ளிருந்து நிலத்துக்கு ஏறும் படியாக அமைக்க. தவறி நீரில் விழும் மரப்பேன் கரையேறுவதற்கு இப்படி தேவை. கற்களை முதலில் அடித்தளக் கண்ணாடிமேல் நிறுத்தி, அதன்பின் மணலை இடுதல் வேண்டும். மணல்மேல் நிறுத்திய கல் சரிந்து கண்ணாடியை உடைக்கக்கூடும். ஒவ்வொரு கல்லின்மேலும் சில துளி காடியை விட்டுப் பார்க்க. நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். நீரின் காரத்தன்மையை உயர்த்துமாதலால் விலக்குக.

காரத்தன்மையை அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் நிற்கும். அவற்றுள் ஒன்றே கொடியது. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், நீரின் பி.எச். எண் 7 ஆயின் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்கே கொடிய வடிவில் இருக்கும். அவ்வெண் 8 ஆயின் ஐந்து பங்கும், 9 ஆயின் ஏறத்தாழ 36 பங்கும் அவ்வடிவில் இருக்கும். கடினமான கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனை மறத்தலாகாது.

குழாய் நீரில் உள்ள குளோரின், மீனுக்கும் நுண்ணுயிர்க்கும் ஒருங்கே பகை. அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த நீரையோ, சோடியம் தயோசல்பேட் சேர்த்துக் குளோரின் நீக்கிய நீரையோ ஊற்றுக. நீரைத் தூய்மை செய்வதற்குக் காற்றுப் பம்பினால் இயங்கும் சிறிய பஞ்சு வடிகட்டி போதும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் வேண்டும்; கீழே வைத்தால், மின்சாரம் தடைப்படும்போது நீர் குழாய் வழியே பின்னோக்கி ஓடிப் பம்பைக் கெடுக்கும். பஞ்சைக் குழாய் நீரில் அலசுதல் கூடாது; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிக. அதில் குடியிருப்போரே மீன்களின் உயிர்க்காவலர் ஆவர்.

செடிகள்

நீரினுள்: வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா. கரையில்: ஆரைக்கீரை, நீர்ப்பிரமி. நிலத்தில்: வல்லாரை, சிறு பெரணிகள், மழைக்காலத்துச் சுற்றுச்சுவரில் படரும் பாசம். இவை யாவும் நம் நாட்டில் எளிதிற் கிடைப்பன. காட்டிலிருந்து எதனையும் பெயர்த்துக் கொணர வேண்டுவதில்லை.

கரைச்செடிகளே இத்தொட்டியின் சிறப்பு. நீர்ப்பிரமி நீருக்குள் மூழ்கியும் வளரும். வெளியே தலை நீட்டியும் வளரும். ஆரைக்கீரையில், நீர்மேல் மிதக்கும் இலைக்கு மேற்புறத்தில் மட்டுமே இலைத்துளைகள் உண்டு. காற்றில் நிமிர்ந்து நிற்கும் இலைக்கு இருபுறமும் உண்டு. ஒரே செடி, தான் நிற்கும் இடத்துக்கேற்ப இலையை மாற்றி அமைத்துக்கொள்வதை மாணவர் கண்ணாற் காணலாம். இவற்றைச் சிறு தொட்டிகளில் மணலிட்டு நட்டு, கற்படியின்மேல் நிறுத்துக.

காத்திருக்கும் வாரங்கள்

செடிகளை நட்டபின், மீன் உணவில் ஒரு சிட்டிகையை நாள்தோறும் வெறும் நீரில் இடுக. அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதனை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். நெடுநாளாக நோயின்றி இயங்கும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைக்குமாயின், காத்திருக்கும் காலம் குறையும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும் துளிச் சோதனைப் பெட்டிகள் மீன் கடைகளில் விற்கப்படுகின்றன. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இறுதியில் நைட்ரேட் தோன்றும். நாள்தோறும் உணவிட்டும் முன்னவை இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து சுன்னமாக இருக்குமாயின், தொட்டி பக்குவப்பட்டது எனக் கொள்ளலாம். பாதி நீரை மாற்றிவிட்டு மீன்களை வரவேற்கலாம்.

களப்பணியாளர் இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். மீனில்லாத தேங்கு நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் ஆகும். காத்திருக்கும் வாரங்களில், மூடியின் வலையில் ஓர் ஓட்டையும் இல்லாதவாறு பார்த்துக்கொள்க.

குடியேறும் உயிர்கள்

நிலப்பகுதியில் மரப்பேன்களை முதலில் விடுக. பூந்தொட்டியின் அடியில் இவை கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு போதும். இவை பூச்சிகள் அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் உறவினர். ஏழு இணைக் கால்கள் உடையன. ஈரமில்லாக் காற்றில் இவற்றால் நெடுநேரம் வாழ இயலாது. உதிர்ந்த இலைகளை உண்டு மண்ணாக்குவது இவற்றின் தொழில்.

நீர்ப்பகுதிக்கு ஓரினம் மட்டுமே தேர்க. முதலாவது, வரிக்குதிரை மீன். கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில் இம்மீன் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இது வளர்க்கப்படுகிறது. இதன் மரபணுத்தொகுதி முழுவதும் 2013-இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 4 செ.மீ. வளரும் இம்மீன் தனித்து வாழாது. ஆறு மீன்களேனும் வேண்டும். இரண்டாவது, அதே நூலில் இடம்பெற்ற தேன் குராமி. இது செவுளால் மட்டுமன்றி, தலையிலுள்ள தனி உறுப்பினால் காற்றையும் சுவாசிக்கும். நீரின்மேல் நிற்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்று இதற்கு நலந்தருமாதலால், மூடிய கரைத் தொட்டி இதற்கு இயல்பான வீடு. இம்மீனாயின் நான்கு போதும். இரண்டு இனங்களும் பண்ணைகளில் வளர்க்கப்பட்டு விற்கப்படுகின்றன. பண்ணை மீன்களையே வாங்குக. முதலில் பாதி மீன்களை விட்டு, இரண்டு வாரம் கழித்து, சோதனை செய்தபின் மற்றவற்றை விடுக.

விலங்கியல் பாடத்தில் வரும் ஆப்பிள் நத்தை, செவுளும் நுரையீரற் பையும் ஒருங்கே உடையது. கரையின் ஈரமண்ணில் முட்டையிடுவது. பாடத்துக்கு இதனினும் பொருத்தமான உயிர் அரிது. ஆயினும், இளஞ்செடிகளை விரைவில் தின்று தீர்த்துவிடும். ஆதலின், செடிகள் நன்கு செழித்த இரண்டாம் ஆண்டுக்கு இதனை ஒத்திவைத்தல் நன்று.

சேர்க்கக் கூடாதவை

தவளையும் ஆமையும் வேண்டுமென்று மாணவர் கேட்பர். மறுத்தலே முறை. நம் நாட்டு ஆமைகளுள் பலவும் வேறு பல காட்டுயிர்களும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ளன. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, உயிருள்ள இரையையே நாடும் தவளைக்கு ஒரு பள்ளியால் ஆண்டு முழுவதும் உணவளித்தல் எளிதன்று. தவளையைக் குளத்திலேயே சென்று காண்க.

இதன் மறுபக்கம் அதனினும் முக்கியமானது. தொட்டியில் வளர்ந்த எவ்வுயிரையும், எச்செடியையும் ஆற்றிலோ குளத்திலோ விடுதல் கூடாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி அழகு மீனாக இந்நாட்டுக்கு வந்தது. சலித்தவர்கள் நீர்நிலைகளில் கொட்டியதால், அது இன்று கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்கள் உட்படப் பல இடங்களில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. வட அமெரிக்காவின் செங்காது ஆமையும் அவ்வாறே குளங்களை அடைந்தது. இரக்கத்தினால் செய்யும் விடுதலை, விடுவிக்கப்படும் இடத்தில் வாழும் ஆயிரம் உயிர்களுக்குத் தண்டனையாக முடியக்கூடும்.

பேணுதல்

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. ஆவியான நீருக்கு ஈடாக நீர் ஊற்றுவது மட்டும் போதாது. ஆவியாவது நீரே, உப்புகள் தங்கிவிடும். நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. தொட்டியில் கைவைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துக. கைவைத்தபின் சோப்பினால் கழுவுக.

கோடை விடுமுறையில் தொட்டியைப் பார்ப்பவர் யார் என்பதை, கண்ணாடி வாங்குமுன்பே முடிவு செய்தல் வேண்டும். இதற்கு விடை இல்லாத பள்ளி, விடை கிடைக்கும்வரை தொட்டி அமைக்காதிருப்பதே அறம்.

மாணவர்க்குரிய பயிற்சிகள்

1. காத்திருக்கும் வாரங்களில், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளை இரண்டு நாளுக்கொருமுறை குறித்து, ஒரே தாளில் மூன்று வரைகோடுகளாக வரைக. எக்கோடு எதன்பின் ஏறுகிறது? ஏன்?

2. ஆரைக்கீரையின் மிதக்கும் இலையிலும் நிமிர்ந்த இலையிலும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, உலர்ந்தபின் உரித்து, நுண்ணோக்கியில் இலைத்துளைகளை எண்ணுக.

3. தேன் குராமி பத்து நிமிடத்தில் எத்தனை முறை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை உட்கொள்கிறது என்பதைக் காலையிலும் பிற்பகலிலும் எண்ணி ஒப்பிடுக.

4. ஒரு தட்டின் பாதியில் ஈரத்தாளும் மறுபாதியில் உலர்ந்த தாளும் இட்டு, நடுவில் ஆறு மரப்பேன்களை விடுக. கால் மணி நேரத்துக்குப்பின் அவை எப்புறம் உள்ளன? எண்ணியபின் அவற்றைத் தொட்டிக்கே திருப்புக.

முதல் ஆறு வாரம் வெறும் நீரையும் செடியையும் காட்டி, 'இதற்குள் வேலை நடக்கிறது' என்று ஆசிரியர் கூறும்போது மாணவர் நம்பமாட்டார். வரைகோடு மூன்றும் வரையப்பட்ட நாளில் நம்புவர். கண்ணுக்குப் புலனாகாதவற்றின் உழைப்பின்மேல்தான் புலனாகும் உயிர்கள் நிற்கின்றன என்பதை அன்று அவர்கள் தாமே அளந்து அறிந்திருப்பர். அதன்பின் நீரில் விடப்படும் மீன் நெடுநாள் வாழும்.